‘எங்களைப் பற்றி’ என்ற பக்கம்

சபூறாவுக்குக் கோபம் வந்தால் குரல் கூடாது, குறையும். இது தெரிந்தவர்கள் அவள் கத்தும்போது பக்கத்திலேயே இருந்து தேத்தண்ணீர் குடிப்பார்கள். அவள் மெல்லக் கதைக்கத் தொடங்கினால் செருப்பைத் தேடுவார்கள். இன்ஸாபுக்கும் ஒருகாலத்தில் இது தெரிந்துதான் இருந்தது. புருஷன் ஜவுபரின் தங்கச்சி மகன், சின்ன வயதில் சபூறாவின் குசினியில் களவாய்ச் சீனி தின்று வளர்ந்தவன். ஆனால் கல்முனை பஸாரில் மேல்மாடியில் கம்பியூட்டர் கடை போட்ட நாளிலிருந்து ஆளுக்குப் பழைய விஷயங்கள் ஒன்றும் ஞாபகத்தில் நிற்பதில்லை. அதனால்தான், வெப்சைட் செய்ய விலை போட்டு அவன் கொண்டுவந்த கொட்டேசனை வாசித்துவிட்டு மாமி மெல்லிய குரலில், "இதென்ன மகன், புறா?" என்று கேட்டபோது, பெரிய சந்தோசத்தோடு விளக்கம் சொல்லப் போனான்.

வெப்சைட் திறந்தவுடன் இரண்டு வெள்ளைப் புறா பறந்து வருமாம். வாயில் ஒரு நாடா. நாடாவிலிருந்து கடையின் பெயர் ஒவ்வொரு எழுத்தாக விழுமாம். பின்னால் புல்லாங்குழல். சண்டை முடிந்த வருடம் அல்லவா, சமாதானத்துக்குப் பொருத்தமாக இருக்கும் என்று இன்ஸாப் சொன்னான். அந்தப் புறா இரண்டுக்கும் அவன் போட்டிருந்த விலைக்கு, சபூறா ஒரு மாதத்துக்குத் தேவையான கோதுமை மாவும் சீனியும் இறக்கிவிடுவாள்.

பலகாரம்தான் அவளுடைய யாவாரம். மஸ்கட், தொதல், முறுக்கு. கடல் வந்து எல்லாவற்றையும் வழித்துக்கொண்டு போன பிறகு, பள்ளிக்கூடத்து முகாமில் யாரோ கொடுத்த ஒற்றை அடுப்பில் முறுக்குச் சுட்டுத் தொடங்கியது. இப்போது வீட்டின் பின்பக்கம் தகரக் கொட்டில் போட்டு, நாலைந்து பெண்கள் அவளிடம் கூலிக்கு வேலை செய்கிறார்கள். சாய்ந்தமருதிலிருந்து அட்டாளைச்சேனை வரை 'சபூறாட மஸ்கட்' என்றால் ஆட்களுக்குத் தெரியும். காரைதீவுக் கலியாண வீடுகளிலிருந்துகூட ஆள் அனுப்பி எடுப்பிப்பார்கள். யாரும் சும்மா தூக்கிக் கொடுத்த பெயரில்லை அது. தாச்சிச் சட்டிக்கு முன்னால் நின்று, தோள்மூட்டு கழன்று விழ விழக் கிண்டிச் சம்பாதித்த பெயர்.

வெப்சைட் யோசனையும் அவளுடையதுதான். கட்டாரிலும் சவுதியிலும் கிடக்கும் பிள்ளைகள் பெருநாள் வந்தால் உம்மாவுக்குக் காசு அனுப்புவார்கள். காசு கரண்ட் பில்லுக்கும் கடைக் கடனுக்கும் போய்விடும், உம்மா பெருநாளன்றும் வெறும் தேத்தண்ணீர்தான் குடிப்பாள். அந்தப் பிள்ளை அங்கிருந்தே பெட்டியைப் பார்த்து, விலையைப் பார்த்து, உம்மாவின் பெயரையும் ஊரையும் எழுதி, பேங்கில் காசைப் போட்டால், பெருநாளுக்கு முதல் நாள் பலகாரப் பெட்டி நிந்தவூரில் உம்மாவின் வாசலில் நிற்கும். இவ்வளவுதான் விஷயம். இதில் புறாவுக்கு எங்கே வேலை?

அன்று அந்தக் கொட்டேசன் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். கலியாண வீட்டுக்குச் சமைக்க இறங்குமுன் எத்தனை பேர் சாப்பிடுவார்கள் என்று கேட்பது போல, சபூறா ஒன்றொன்றாகக் கேட்டாள். இதை யார் பார்ப்பார்? பார்த்து என்ன செய்வார்? புல்லாங்குழல் கேட்டால் ஓடர் கூடுமா? டோஹாவில் பத்துப் பேர் படுக்கும் அறையில் இருந்து பார்க்கிற பிள்ளைக்கு இந்தப் புறா பறந்து முடிய எவ்வளவு நேரம் எடுக்கும்? இன்ஸாப் தலையைச் சொறிந்தான். புறா போனது. புல்லாங்குழல் போனது. எத்தனை பேர் வந்து பார்த்தார்கள் என்று எண்ணிக் காட்டும் பெட்டியும் போனது.

அதோடு விடவில்லை. எது ஒருமுறை கட்டுவது, எது வருடா வருடம் கட்டுவது என்று பிரித்து எழுதச் சொன்னாள். அங்கேதான் பூனை வெளியே வந்தது. வெப்சைட்டின் பெயருக்கு வருட வாடகை உண்டு, அதை வைத்திருக்கும் இடத்துக்கு வருட வாடகை உண்டு. இன்ஸாப் 'முதல் வருடம் இலவசம்' என்று மட்டும் பெரிய எழுத்தில் போட்டு, இரண்டாம் வருடத்தைப் பற்றி மூச்சே விடவில்லை. என்ட காதில பூச்சுத்த வந்தியா மகன் என்று கேட்டாள். பிறகு இரண்டாம் வருடத்துக்கும் இப்போதே காசு ஒதுக்கினாள். இங்கே செய்யும் பலகாரத்தின் போட்டோவையே போட வேண்டும், இன்டர்நெட்டில் கிடந்த எவனோ செய்த பலகாரத்தைப் போடக்கூடாது என்று போட்டோக்காரனுக்கும் ஒதுக்கினாள். வருகிற ஓடர்களுக்குப் பதில் எழுத மகள் ஸம்றாவுக்கு மாதச் சம்பளமும் ஒதுக்கினாள். ஏ.எல். சோதனை எழுதிவிட்டு இருக்கும் சொந்த மகளுக்குச் சம்பளமா என்று ஜவுபர் சிரித்தார். வேலை என்றால் சம்பளம்தான் என்று சொன்னாள் சபூறா. அவள் சிரிக்கவில்லை.

கடைசியாக, தன் போட்டோவை மட்டும் எங்கேயும் போடக்கூடாது என்று சொன்னாள். ஊர் உலகம் எல்லாம் பார்க்கிற இடத்தில் தன் முகம் கிடப்பதில் அவளுக்கு விருப்பமில்லை. இன்ஸாபும் ஜவுபரும் தலையாட்டினார்கள். அந்தத் தலையாட்டலை நம்பியதுதான் பிழை.

இனி மிச்ச வேலைக்கு இன்ஸாபின் கடைக்குப் போய்வர வேண்டும். அந்தக் கடைக்கு ஒடுங்கிய படி, மேலே முழுக்க வாலிபப் பட்டாளம். அந்தப் படியில் ஒரு பெண்பிள்ளை ஏறினால், அவள் இறங்கி வருமுன் செய்தி நற்பிட்டிமுனைக்குப் போய்விடும். ஆகவே வழக்கம்போல ஜவுபர் போனார். பஸாரில் கதைக்க வேண்டியது, அரசாங்கக் கந்தோரில் கதைக்க வேண்டியது, வங்கியில் கதைக்க வேண்டியது எல்லாவற்றுக்கும் அவர்தான் போவார். அவர் கெட்ட மனிதரில்லை, இதைச் சொல்லாமல் விட்டால் பாவம். கட்டாரில் வேன் ஓட்டினார், இப்போது மனைவியின் பலகாரத்தை வேனில் ஏற்றிக் கடை கடையாய்க் கொடுத்து வருகிறார். குடியில்லை, சூதில்லை. யாராவது ஒரு பேனையை நீட்டினால் மட்டும் வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிடுவார்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஒரு கிழமை இருக்கும். பின்னேரம் அஸர் தொழுகை முடிந்த கையோடு இன்ஸாப் லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு வந்தான். பின்னாலே ஜவுபர், வாயெல்லாம் பல். வெப்சைட் வேலை முடிந்து மூன்று நாளாகிறதாம், டோஹா கூட்டாளிமாருக்கு அவரே சொல்லி அனுப்பிவிட்டாராம், ஓடரும் காசும் வந்து குவிகிறதாம். சபூறாவை வியக்க வைக்க வேண்டும் என்று இவ்வளவு நாளும் காட்டாமல் வைத்திருந்தார்களாம். ஸம்றா திறந்து வாசித்தாள். வாசிக்கத் தொடங்கியவள் பாதியில் நிறுத்தி உம்மாவைப் பார்த்தாள்.

மேலே கொட்டை எழுத்தில் 'ஜவுபர் ஸ்வீட் ஹவுஸ்'. கீழே 'எங்களைப் பற்றி' என்று ஒரு பக்கம். அதில் கோட்டும் டையும் போட்ட ஜவுபர், பின்னால் ஸ்டூடியோவில் கீறிய நீர்வீழ்ச்சி. உரிமையாளரும் நிறுவனருமான ஜனாப் எம்.ஐ. ஜவுபர் அவர்கள் தமது கைப்பக்குவத்தால் கிழக்கு மாகாணத்தின் சுவையை உலகெங்கும் கொண்டுசெல்கிறாராம். கைப்பக்குவம்! முட்டை அவிக்கப் போட்டுவிட்டு மறந்து சட்டியைக் கருக்குகிற மனிதர். இன்னும் ஹஜ்ஜுக்குப் போகாத ஆளை 'அல்ஹாஜ்' என்று போடாததுதான் மிச்சம். சபூறா என்ற பெயர் மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை, ஒரு மூலையிலும் இல்லை.

சபூறா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, மெல்லத்தான் கேட்டாள்.

"போட்டோ வேணாமெண்டன். பேர் வேணாமெண்டா சொன்ன நான்?"

ஜவுபர் அந்தக் குரலைக் கேட்டவுடன் வாசலைப் பார்த்தார். இன்ஸாப்தான் மாட்டிக்கொண்டான். பொம்பளைப் பெயர் போட்டால் வெளிநாட்டில் இருக்கிற ஆட்கள் காசு அனுப்பப் பயப்படுவார்கள் என்றான். ஊரில் எந்தக் கடைக்குப் பொம்பளைப் பெயர் இருக்கிறது என்று கேட்டான். அதுவும் போதாதென்று, உரிமையாளர் யார் என்று தான் முறைப்படி கேட்டதாகவும் மாமா தன் பெயரைச் சொன்னதாகவும் போட்டு உடைத்தான்.

ஜவுபர் மெல்ல வாய் திறந்தார்.

"எல்லாத்திலயும் அப்புடித்தானே எழுதுற. நாம ரெண்டு பேரும் ஒண்டுதானே?"

ஒன்றாம்! சபூறாவுக்குக் காலிலிருந்து தலைவரை பற்றிக்கொண்டு வந்தது. ஒன்று என்றால் ஏன் எப்போதும் அந்த ஒன்று இவருடைய பெயராக இருக்கிறது? ஒருமுறையாவது கைதவறி அவளுடைய பெயராக விழுந்திருக்கிறதா?

இந்தக் கோபம் அன்று பிறந்த கோபமில்லை. ஐந்து வருடமாக உள்ளே கிடந்து புகைந்தது. இந்தக் கரையில் வீடு பெண்ணுக்குத்தான். உம்மா மகளுக்குக் கொடுப்பாள், மாப்பிள்ளை பெட்டியோடு வந்து ஏறுவார். அப்படித்தான் சபூறாவின் உம்மா பாத்தும்மா, நகையை விற்று, வயல் துண்டை விற்று, கடலோரத்தில் கல்வீடு கட்டி மகளின் பெயருக்கு எழுதிக் கொடுத்தாள். ஜவுபர் ஒரு சூட்கேசோடு வந்தார். யாரும் அதைக் குறையாய் நினைக்கவில்லை, அதுதான் முறை. கடல் வந்த அன்று அந்த வீடும் போனது, பாத்தும்மாவும் போனாள். உம்மாவின் மையித்தைக்கூட மூன்றாம் நாள்தான் கண்டெடுத்தார்கள்.

பிறகு இந்த வீட்டுத் திட்டம் வந்தது. வீடிழந்தவள் சபூறா. ஆனால் கந்தோரில் இருந்து வந்தவர் குடும்பத் தலைவர் யார் என்று கேட்டார், ஜவுபர் கையைத் தூக்கினார், பேனையை நீட்டினார்கள். பாத்தும்மாவின் வீட்டுக்குப் பதிலாய்க் கிடைத்த வீட்டின் உறுதிப் பத்திரம் ஜவுபரின் பெயருக்கு வந்தது. அப்போது சபூறாவுக்குச் சோறு இறங்கவில்லை, எங்கே வாய் திறக்கப் போகிறாள். பிறகு கேட்டபோது, அவசரமில்லை, அதையெல்லாம் ஆறுதலாய் மாற்றலாம் என்றார்கள். இப்போது ஸம்றாவுக்குச் சம்பந்தம் பேசி ஆட்கள் வருகிறார்கள். வருகிறவர்கள் முதல் வாய்த் தேத்தண்ணீர் குடிக்குமுன் வீடு யார் பெயரில் என்று கேட்கிறார்கள். ஜவுபர், என்ட பேர்லதான் என்று சொல்கிறார். அதைக் கேட்கும்போதெல்லாம் சபூறாவுக்கு, உம்மா இரண்டாம் முறை மௌத்தாகிப் போவது போல இருக்கும். மகளுக்கு ஒரு வீட்டைக் கொடுக்கிற உம்மாவாக அவள் இனி நிற்க முடியாது. இப்போது மிச்சமிருந்த யாவாரத்தையும் கொண்டுபோய் அதே பெயரில் எழுதிவிட்டார்கள்.

பெயரை மாற்று என்று இன்ஸாபிடம் சொன்னாள். அது அவ்வளவு லேசில்லை மாமி என்றான். அந்தப் பெயருக்கு வாடகை கட்டியாயிற்று, புதுப் பெயர் வாங்க வேண்டும், மேலே உள்ள படத்தை மீண்டும் கீற வேண்டும், அடித்த கார்டெல்லாம் வீண், இதற்கெல்லாம் மாமியின் கணக்கில் ஒரு சதமும் ஒதுக்கவில்லையே என்று அவளுக்கே கணக்குப் படிப்பித்தான். பெருநாள் முடியட்டும், அடுத்த வருடம் ஆறுதலாய் மாற்றலாம் என்று முடித்தான்.

அந்த 'ஆறுதலாய்' என்ற சொல்லை அவன் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

சபூறா எழும்பிப் பின்பக்கம் போனாள். வேலை செய்துகொண்டிருந்த பெண்களுக்கு அந்தக் கிழமைச் சம்பளத்தை முழுதாய்க் கொடுத்து, நாலு நாளைக்கு வரவேண்டாம் என்று அனுப்பினாள். அடுப்பை அணைத்தாள். அகப்பையைக் கழுவிக் கவிழ்த்தாள். பிறகு வந்து ஜவுபரின் முன்னால் நின்றாள்.

"ஜவுபர் ஸ்வீட் ஹவுஸுக்கு வந்த ஓடர். ஜவுபர் கிண்டட்டும்."

ஒரு நாள் கோபம், விடிந்தால் ஆறிவிடும் என்று ஜவுபர் நினைத்தார். விடிந்தது. சபூறா தொழுதாள், வீட்டுக்குத் தேத்தண்ணீர் போட்டாள், சோறாக்கினாள், கொட்டில் வாசலில் ஒரு பிளாஸ்டிக் கதிரையைப் போட்டு இருந்தாள். அடுப்புப் பக்கம் திரும்பவில்லை. ஜவுபர் பக்கத்து வீட்டு ஸாலிஹாவைப் பிடித்துச் சமாதானம் பேச அனுப்பினார். விஷயத்தைக் கேட்ட ஸாலிஹா, தானும் ஒரு கதிரையைக் கொண்டுவந்து சபூறாவுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள்.

மறுநாள், வேறு வழியில்லாமல் ஜவுபர் சாரனை மடித்துக் கட்டினார். இன்ஸாபையும் இழுத்து வந்தார். பார்த்துப் பார்த்து ஐந்து வருடம், இதென்ன பெரிய வேலை என்று ஒரு நினைப்பு. மாவைப் பிசைந்து தண்ணீரில் கரைத்துப் பால் எடுத்தார்கள். எடுத்த பாலை ஊற வைத்து மேல்தண்ணீரை வடிக்க வேண்டும் என்பது இருவருக்கும் தெரியாது. அப்படியே சீனிப்பாகில் ஊற்றினார்கள். கட்டி கட்டியாய்த் திரண்டது. நெய்யை ஊற்றினால் சரிவரும் என்று போத்தலைக் கவிழ்த்தார் ஜவுபர். நெய் மேலே மிதந்தது, மஸ்கட் கீழே பிடித்தது. இன்ஸாப் கிண்டிய அகப்பை நட்டுவைத்த கம்பாய் நின்றது. புகையில் இருவருக்கும் கண்ணீர்.

சபூறா பார்த்துக்கொண்டிருந்தாள். சும்மா சொல்லக்கூடாது, உள்ளுக்குள் அவளுக்கும் சுட்டது. அந்த நெய்யின் விலை அவளுக்குத் தெரியும். காசு அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் பிள்ளைகளை நினைத்தாலும் சுட்டது, அவர்கள் என்ன பாவம் செய்தார்கள்? இருந்தும் எழும்பவில்லை. இன்றைக்கு எழும்பினால் இனி எந்த நாளும் எழும்பத் தேவையில்லை, இருந்த இடத்திலேயே பெயரில்லாமல் கிண்டிக்கொண்டு கிடக்கலாம் என்று அவளுக்கு விளங்கியது.

அந்த நேரம் ஜவுபரின் போன் அடித்தது. டோஹாவிலிருந்து அட்டாளைச்சேனைப் பிள்ளை ஒருவன், வெப்சைட்டில் நம்பரைப் பார்த்து எடுத்திருக்கிறான். கைமுழுக்க மாவாய் இருந்தபடியால் ஜவுபர் அதை ஒலிபெருக்கியில் போட்டார். உரிமையாளரோடு கதைக்க வேண்டும் என்றான் பிள்ளை. கதைப்பது உரிமையாளர்தான் என்று தெரிந்ததும் மரியாதையாய் ஸலாம் சொன்னான். அவனுடைய உம்மாவுக்குச் சீனி வருத்தமாம். மஸ்கட்டில் சீனியைக் குறைத்துச் செய்து தர ஏலுமா, குறைத்தால் எத்தனை நாளைக்குக் கெடாமல் இருக்கும் என்று கேட்டான். உம்மா நாலு வருடமாய் மகன் கையால் ஒன்றும் சாப்பிடவில்லை என்றும் சொன்னான்.

ஜவுபர் தாச்சியைப் பார்த்தார். இன்ஸாபைப் பார்த்தார். பிறகு சபூறாவைப் பார்த்தார். அவள் முகத்தில் ஓர் அசைவும் இல்லை. போனுக்குள் பிள்ளை, ஹலோ, ஹலோ என்றான்.

"தம்பி, குறை நினைக்காதீங்க," என்றார் ஜவுபர். "இந்த யாவாரம் என்ட மனிசிட. அவ பேர் சபூறா. அதில பிழையாப் போட்டிரிக்கு. நான் வேன் ஓட்டுற ஆள்."

இன்ஸாப் அகப்பையைப் பிடித்தபடி தலையைக் குனிந்துகொண்டான். ஸாலிஹா, பெரிதாய் ஒரு மூச்சு விட்டாள்.

சபூறா எழும்பி வந்தாள். போனை எடுத்து, சீனியைக் குறைத்தால் மஸ்கட் இறுகாது மகன், உம்மாவுக்கு முறுக்கும் வறுத்த கஜுவும் தனிப் பெட்டியில் அனுப்புகிறேன், விலை கூடாது என்று சொன்னாள். உம்மாவின் பெயரைக் கேட்டு, வீட்டு அடையாளம் கேட்டு, துஆச் செய்யச் சொல்லிப் போனை வைத்தாள். பிறகு இன்ஸாபிடம், பெருநாளுக்கு முதலே வெப்சைட்டின் பெயர் மாற வேண்டும், அதற்கான செலவு அவனுக்குத் தரவேண்டிய மிச்சத்தில் கழியும் என்றாள். லெப்டொப்பைத் தேடிக்கொண்டு உள்ளே போனான்.

ஜவுபர் அப்பாடா என்று சாரனால் முகத்தைத் துடைத்தார். முடிந்தது என்று நினைத்தார் பாவம். சபூறாவின் குரல் இன்னும் கூடவில்லை.

"இப்ப அந்தப் புள்ளைக்குச் சொன்னத்த நாளைக்குக் கந்தோர்லயும் வந்து சொல்லுங்க."

எந்தக் கந்தோர் என்று அவர் கேட்கவில்லை. வீட்டுச் சுவரைத்தான் பார்த்தார். அது கவர்மெண்ட் உறுதி, நொத்தாரிசு என்றும் முத்திரை என்றும் செலவு வரும், இந்த நேரத்தில் அதற்கு எங்கே போவது என்று முனகினார். கடைசியில் எல்லாம் ஸம்றாவுக்குத்தானே, கலியாணத்தன்று நானே எழுதிக் கொடுக்கிறேனே என்றும் சொல்லிப் பார்த்தார்.

"நீங்க குடுக்கத் தேவல்ல," என்றாள் சபூறா. "எங்கட உம்மா எனக்குத் தந்தா. அது முதல்ல என்ட பேருக்கு வரணும். மறுகா என்ட புள்ளைக்கு நான் குடுப்பன். செலவெல்லாம் விசாரிச்சுக் காசு எடுத்து வெச்சாச்சு. நீங்க ஒரு சேட்ட அயன் பண்ணிப் போட்டுக்கிட்டு வாங்க, போதும்."

ஜவுபர், ஓம் என்றார். சபூறா தாச்சியில் பிடித்துக் கிடந்ததை அவர் கையாலேயே சுரண்டி எடுக்க வைத்தாள். வேலைக்காரப் பெண்களைக் கூட்டிவர ஸம்றாவை அனுப்பிவிட்டு, புது மாவை அளந்து கொட்டினாள்.